வெங்காயத் தோலில் பதினொரு சதவீதம்

ஜனவரி 6, திங்கள்

உரக்கடைக்காரர் என் கணவருக்குக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு யூரியா மூட்டை படம். இருந்தாலும் தாள் நல்ல வழவழப்பு. வீணாக்கக் கூடாது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் யார் எவர் என்று எழுதிவிடுவது முறை. பெயர் பூங்கோதை. வயது நாற்பத்திரண்டு. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கணவர் அறவாழி, மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், தினமும் காலையில் இருபது தும்மல் போட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார். இது தவிர என்னிடம் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அது என் முனைவர் பட்டம். ஏழு வருடமாக ஓடுகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவையே ரத்து செய்துவிடுவோம் என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது. கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே வைத்தால் தினமும் பார்க்க வேண்டியதில்லை.

என் ஆராய்ச்சி சின்ன வெங்காயத்தின் தோல். எல்லோரும் உரித்து எறிகிற அந்தச் சருகில் குவெர்செட்டின் என்று ஒரு மஞ்சள் பொருள் இருக்கிறது. ஃபிளேவனாய்டு வகை. முருங்கைக்கீரையில் உண்டு, கொய்யாவில் உண்டு, ஆப்பிள் தோலில் உண்டு. ஆனால் வெங்காயத்தின் காய்ந்த தோலில்தான் கொட்டிக் கிடக்கிறது. துணிக்குச் சாயம் போடலாம். எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை பிடிக்காமல் காக்குமா என்று பார்க்கிறார்கள். ஒவ்வாமைக்கும் தும்மலுக்கும் உதவுமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. நடக்கிறது என்றுதான் சொன்னேன். அறவாழி அதைக் கேட்டுவிட்டு அலுவலகம் பூராவும், "எங்க வீட்டம்மா தும்மலுக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போது மூன்று வேளையும் பச்சை வெங்காயம் கடிக்கிறார். தும்மல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்றும் பதினொன்று!

விளங்கும்படி எழுதுகிறேன். தோலைப் பொடித்து, முதலில் பெட்ரோலியம் ஈதரில் கழுவ வேண்டும். அதில் கொழுப்பு, எண்ணெய் எல்லாம் போய்விடும். பிறகு ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கினால் மிஞ்சுவதுதான் எக்ஸ்ட்ராக்ட். ஆறு வருடமாக வெங்காய மண்டியில் கூட்டிப் பெருக்கிய தோலை வைத்துச் செய்தேன். நூறு கிராம் தோலுக்கு ஆறு கிராம். தலைகீழாக நின்றாலும் ஆறு. ஊரில் எல்லோருக்கும் ஆறுதான் வருகிறது.

போன ஆகஸ்டில் நான் ஊறவைக்கும் விதத்தை மாற்றினேன். வெப்பநிலை, கலக்கும் வேகம், நேரம் எல்லாம் புதிது. அதே சமயத்தில் தோல் வாங்கும் இடமும் மாறியது. மண்டித் தோலில் மண் அதிகம் என்று பவுனு அக்காவின் கொட்டகையில் வாங்க ஆரம்பித்தேன். அங்கே ஏழு பெண்கள் ஓட்டல்களுக்காக வெங்காயம் உரிக்கிறார்கள். சுத்தமான தோல். அன்று முதல் பதினொன்று. என் முறைக்குக் கிடைத்த வெற்றி.

எங்கள் கல்லூரியிலேயே இருக்கும் என் நெறியாளர் முனைவர் தணிகாசலம் அக்டோபரில் ஒரு மாநாட்டில் இதைச் சொல்லிப் பொன்னாடை வாங்கினார். கல்லூரிச் செய்திமடலில் அவர் படமும், ஓரத்தில் என் முழங்கையும் வந்தன.

ஒரே ஒரு சின்னக் குறை. பழைய எக்ஸ்ட்ராக்ட் காய்ந்து பொடியாகிவிடும். இது அல்வா மாதிரி பிசுபிசுக்கிறது. நல்ல சரக்கு அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. மொட்டைமாடியில் நான் வைத்திருந்த தோல் மூட்டையை அறவாழி பழைய குப்பை என்று தெருவுக்குத் தூக்கிப் போய்விட்டார். நெருப்புக்கு இரண்டடி முன்னால் பிடித்தேன். பதினெட்டு கிலோ ஆராய்ச்சி! நாளைக்குப் பொங்கல் என்பதால் மன்னித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பிப்ரவரி 28-இல் ஆய்வுக்குழுக் கூட்டம். அதில் ஒப்புதல் கிடைத்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். திருச்சியிலிருந்து முனைவர் ருக்சானா பேகம் வருகிறாராம். கேள்வி கேட்டே ஆளைக் காயப்போடுவார் என்று பெயர்.

"நீ ஏம்மா பயப்படுற? பதினொண்ணுன்னு சொன்னதுமே வாயடைச்சுப் போயிரும்," என்றார் தணிகாசலம் சார். எதற்கும் இருக்கட்டும் என்று திருச்சியில் ஓர் ஆய்வகத்துக்குச் சாம்பிள் அனுப்பச் சொன்னார். எக்ஸ்ட்ராக்ட்டில் குவெர்செட்டின் சுத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று பெரிய கருவியில் அளந்து சொல்வார்கள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று அனுப்பினேன்.

மதியம் தோல் வாங்கப் போனேன். பவுனு அக்கா மோர் கொடுத்தார். "டீச்சர், பாஸாயிட்டா எங்களுக்குச் சொல்லிவிடு. நாங்களும் ஒரு கை வச்சிருக்கோம்ல?" என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். தோலை அள்ளி வந்த நாட்களில் என் கையில் வறட்சியே இருப்பதில்லை. வெங்காயத்துக்கு அப்படி ஒரு குணம் போல.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆய்வேட்டில் "பயன்கள்" என்று ஓர் அத்தியாயம். சாயத்துக்கு ஒரு சோதனை வேண்டும். அறவாழியின் வெள்ளை வேட்டி ஒன்றைப் படிகாரத் தண்ணீரில் முக்கி, என் பதினொரு சதவீத எக்ஸ்ட்ராக்ட்டில் கொதிக்க வைத்தேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்! ஆனால் அங்கங்கே சாயம் ஏறாமல் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது.

அவர் அதைக் கட்டிக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய் வந்தார். "ஏழு பேரு கேட்டாங்க, சமயபுரம் கோயிலுக்கு எப்ப கெளம்புறீங்கன்னு. டீக்கடைக்காரரு காசு வாங்க மாட்டேங்கிறாரு."

பிறகு வேட்டியை முகர்ந்து பார்த்தார். "ஏய், இதுல விளக்கெண்ணெய் வாசம் அடிக்குது."

தும்மல்காரர் மூக்கை எவன் நம்புவது?

பிப்ரவரி 3, திங்கள்

வேட்டியை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தேன். வாசம் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

திருச்சியிலிருந்து அறிக்கை வந்தது. பழைய எக்ஸ்ட்ராக்ட்டில் ஒரு கிராமுக்கு எவ்வளவு குவெர்செட்டினோ, புதியதில் அதில் ஏறக்குறைய பாதி.

அவர்கள் கருவியில் கோளாறு இருக்கலாம். தபாலில் சாம்பிள் வெயிலில் கிடந்திருக்கலாம். புட்டி மாறியிருக்கலாம். இந்தக் காலத்தில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள்?

எடை இரண்டு மடங்காகி, உள்ளே இருக்கும் சரக்கு பாதியானால் மொத்தத்தில் என்ன கூடியது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் முனைவர் ஆகப்போகிறவள். நிதானமாக யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

யோசிக்கவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன், பரணைத் துடைத்தேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன். துவைக்கக் கூடாதவற்றையும் துவைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

ஆய்வேட்டில் போடப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலையில் கொட்டகைக்குப் போனேன்.

எப்போதும் பதினொரு மணிக்கு மேல் போவேன், உரித்த தோல் சாக்கில் கட்டித் தயாராக இருக்கும். இன்று எட்டு மணிக்கே போனேன். தார்ப்பாயில் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொட்டியிருந்தார்கள். பவுனு அக்கா ஒரு டின்னைச் சாய்த்து அதன்மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினார். நான்கு பேர் இரண்டு கையாலும் பிசிறினார்கள். பிறகு வெயிலில் பரப்பினார்கள்.

"என்னக்கா அது?"

"வெளக்கெண்ணெ. மூட்டைக்கு அரை டம்ளரு. தடவி அரை மணி நேரம் வெயில்ல போட்டா தோலு தானா கழண்டுக்கும். கண்ணும் எரியாது, கையும் வெடிக்காது. இல்லாட்டி நாங்க ஒரு நாளைக்கு இத்தனை மூட்டைய எப்படி உரிக்கிறது?"

"எல்லா மூட்டைக்குமா?"

"ஆமா. ஏன் டீச்சர், உம் மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது?"

மோர் கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த டின்னை நான் ஆகஸ்டிலேயே பார்த்திருக்கிறேன். முதல் நாள் தோல் வாங்கப் போனபோது தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஆமணக்குக் கொட்டை படம். விளக்கேற்ற வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே பதினொன்று வந்துவிட்டது. பதினொன்று வந்த பிறகு எவள் போய்த் தூணைச் சுற்றிப் பார்ப்பாள்?

பெட்ரோலியம் ஈதரில் கழுவினோமே, எண்ணெய் எப்படித் தங்கும் என்ற தைரியம் வேறு. கடலையெண்ணெய் போகும், நல்லெண்ணெய் போகும், தேங்காயெண்ணெய் போகும். விளக்கெண்ணெய் மட்டும் அதில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் ஜோராகக் கரையும். அது அப்படிப்பட்ட எண்ணெய். ஈதரில் அசையாமல் இருந்துவிட்டு, ஆல்கஹாலில் குவெர்செட்டினோடு சேர்ந்து இறங்கி, என் தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் பாடம் எடுக்கிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு நான் முட்டை போட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. அழுகையும் வந்தது. அறவாழி வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

தணிகாசலம் சாரிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் மூன்று முறை அவர் அறை வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"எண்ணெய் தடவாத தோல்ல செஞ்சு பாத்தியா?"

"இனிமேத்தான் சார்."

"அப்ப இன்னும் எதுவும் நிச்சயமில்ல. பதினோரு நாள் இருக்கு. கூட்டம் முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாம். ஏழு வருஷம்மா! இந்த வயசுல மறுபடி பதிவு பண்ணி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அத்தனை பேரு முன்னால பேசிட்டேன்," என்றார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் பயந்துபோயிருந்தார். அவருக்கு மே மாதம் பணி ஓய்வு.

பிப்ரவரி 19, புதன்

விடுப்பு போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். எண்ணெய் தொடாத தோல் இரண்டு கிலோ வேண்டும் என்றேன். அதற்கு ஒரு மூட்டை வெங்காயத்தைப் பச்சையாக உரிக்க வேண்டும். காரணத்தையும் சொன்னேன்.

பவுனு அக்கா வாயில் கை வைத்தார். "அய்யய்யோ, நாங்க ஊத்துன எண்ணெயாலயா உம் பாஸு போச்சு?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. நீங்க ஒளிச்சு ஊத்தலை. நான்தான் கேக்கலை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பமே?"

"அதான் கேக்கலை," என்றேன். அது என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி, குந்து," என்றார்.

எட்டு பேர் உட்கார்ந்தோம். எட்டாவது ஆள் நான். எண்ணெய் இல்லாத வெங்காயம் தோலைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறது. நகக்கண் எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது, கண்ணைத் துடைக்கப் போனால் கை முழுக்க வெங்காயம். பகல் முழுக்க ஒரே மூட்டை. ஏழு பேரும் என் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே உரித்தார்கள். "டீச்சரு பாஸானா கறிச்சோறு போடணும். பெயிலானா ரெண்டு வேளை போடணும்," என்று ஒருத்தி சட்டம் போட்டாள்.

ஆறு மாதமாக இங்கே வந்து போகிறேன். இன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 22, சனி

6.1.

மூன்று முறை செய்தேன். 6.1, 6.0, 6.2. பொடியாகத்தான் வந்தது. என் புது முறையால் ஒரு நயா பைசாப் பயன் கிடையாது.

அறவாழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் வேட்டியை எடுத்து மறுபடி முகர்ந்து பார்த்தார். பிறகு, "நான்தான் அன்னிக்கே சொன்னனே, விளக்கெண்ணெய்னு," என்றார். ஏழு வருட ஆராய்ச்சியை ஒரு தும்மல்காரர் மூக்கு ஒரு நொடியில் முடித்துவிட்டது. அதை அவர் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் கிளம்பும்போது என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பதினொன்று போட்ட படக்காட்சி ஒன்று, ஆறு போட்ட படக்காட்சி ஒன்று, இரண்டும் பையில் இருந்தன. சார் என்னைப் பார்த்ததும், "பழசுதானே?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று நினைவில்லை.

பழையதைத்தான் போட்டேன். முன்னுரை, மூலங்கள், பயன்கள் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. ருக்சானா பேகம் சின்ன உருவம், நரைத்த முடி. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். பதினொரு சதவீதம் என்று பெரிய எழுத்தில் திரையில் வந்தது. அவர் பேனாவை எடுத்து அதை எழுதப் போனார்.

"மேடம், அத எழுதாதீங்க. அது தப்பு," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, டின், பிசிறியது, பச்சையாக உரித்தது, 6.1. தணிகாசலம் சார் பக்கம் நான் திரும்பவே இல்லை.

"பெட்ரோலியம் ஈதர்ல கழுவுனீங்களே, எண்ணெய் அதுல போயிருக்கணுமே?" என்றார் ருக்சானா பேகம்.

"விளக்கெண்ணெய் அதுல போகாது மேடம். ஆல்கஹால்லதான் கரையும்."

"இது எந்த வகுப்புப் பாடம்?"

"பி.எஸ்சி. செகண்ட் இயர் மேடம். நான்தான் எடுக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். மற்ற உறுப்பினரும் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

வெளியே உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரம். பிறகு கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். எக்ஸ்ட்ராக்ட் கூடியது என்ற பேச்சே ஆய்வேட்டில் இருக்கக் கூடாது. இரண்டு அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டும். இந்தத் தவறு எப்படி நடந்தது, எப்படித் தெரிந்தது என்று ஒரு பகுதி தனியாகச் சேர்க்க வேண்டும். "தோலை வாங்கி ஆராய்ச்சி பண்ற எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி அது. வெக்கப்பட்டுச் சுருக்கிராதீங்க," என்றார் ருக்சானா பேகம். அதோடு நெறியாளர் கையெழுத்துப் போட்டால் மார்ச் 31-க்குள் கொடுக்கலாம்.

கையெழுத்துப் போட்டால். தணிகாசலம் சார் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

சார் போனை எடுக்கவில்லை. எதிரே வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதுகிறேன். தவறு பற்றிய பகுதி பதினான்கு பக்கம் வந்துவிட்டது. மொத்த ஆய்வேட்டிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒரு அத்தியாயத்தை யாரும் சொல்லாமல் நானே எழுதுகிறேன். நன்றியுரையில் ஏழு பெண்கள் பெயரையும் போட்டேன். பவுனு அக்காவின் முழுப்பெயர் பவுனாம்பாள் என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாநாட்டில் சொன்னதைப் பற்றி எழுதவில்லை. அது அவர் பேசியது, அவர் வாங்கிய பொன்னாடை. நான் கொடுத்த பதினொன்றை வைத்துத்தான் பேசினார். அதனால், "தவறான அளவை நெறியாளருக்குக் கொடுத்தது நானே" என்று மட்டும் எழுதினேன். உண்மையும் அதுதான்.

மார்ச் 24, திங்கள்

ஆய்வேட்டைச் சார் அறையில் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் இல்லை. இருந்தும் இல்லையோ என்னவோ, உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 26, புதன்

ஒரு தகவலும் இல்லை. சாமி கும்பிட்டேன். அறவாழி வெங்காயத்தை விட்டுவிட்டுக் கொய்யாவுக்கு மாறிவிட்டார். வீட்டில் காற்று நன்றாக இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

மதியம் மூன்றாவது பீரியட். பியூன் வந்து, "தணிகாசலம் சார் கூப்புடுறாரு," என்றார். சாக்பீஸ் கையோடு போனேன்.

ஆய்வேடு அவர் முன்னால் மூடிக் கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"எண்பத்தாறாம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை. திருத்திக்க," என்றார்.

"சரி சார்."

"சான்றிதழ் பக்கத்துல கையெழுத்துப் போட்டாச்சு. எடுத்துட்டுப் போ."

நன்றி சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். எடுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றே புரட்டினேன். சான்றிதழ்ப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. எண்பத்தாறாம் பக்கத்தில் ஒரு சின்னச் சுழி. அவ்வளவுதான் என்று மூடப் போனேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மறுபடி பச்சை மை தெரிந்தது. தவறு பற்றிய பகுதி முடிகிற இடம். நானே கொடுத்தேன் என்று எழுதியிருந்தேனே, அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில், "சோதிக்காமல் மாநாட்டில் அறிவித்தது நான். இதைச் சேர்க்கவும்" என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

வராந்தாவிலேயே நின்று அழுதேன். பிறகு வகுப்புக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.